நுவரெலியாவுக்கு ஒருநாள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலவாக்கலைக்குப் பக்கத்தில் குடியிருப்பதால், பாடசாலை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என்று எல்லாத் திசைகளிலிருந்தும் உறவினர்களின் அழைப்புகள் வரும். நலம் விசாரித்து முடிந்த கையோடு, நுவரெலியாவை ஒரு நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாமா என்ற கேள்வியும் வரும். அதற்கும், அதைத் தொடர்ந்து வழக்கமாக வருகின்ற மற்றக் கேள்விகளுக்கும் நான் சொல்லிவருகின்ற விடைகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒரு நாள் உண்மையிலேயே போதுமா?

எங்கிருந்து புறப்படுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கண்டி, ஹட்டன், பண்டாரவளை, பதுளை ஆகிய இடங்களிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் தாராளமாகப் போதும். கொழும்பிலிருந்து வருவதென்றால் போவதற்கு ஐந்து ஆறு மணி நேரமும் வருவதற்கு அதேயளவு நேரமும் கழிந்துவிடுவதால், நகரத்தில் கால் ஊன்றி நிற்பதற்கு நான்கு மணி நேரம் மிஞ்சினாலே அதிகம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே நாளில் வந்து திரும்புவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கண்டி வரைக்குமே ஏ9 வீதி 321 கிலோமீற்றர் நீளமானது, அதற்கு மேல்தான் மலை ஏற்றமே தொடங்குகிறது. முதல் நாள் இரவு கண்டியிலோ ஹட்டனிலோ தங்கி, மறுநாளை முழுவதுமாக நுவரெலியாவுக்கு ஒதுக்குவதே சரியான முறையாகும்.

எந்தப் பாதையில் வரவேண்டும்?

மூன்று பாதைகள் உள்ளன. கண்டிப் பக்கமிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழியாக ஏறுகின்ற ஏ5 வீதி ஒன்று. அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக வருகின்ற ஏ7 வீதி இன்னொன்று. கிழக்கிலிருந்து வருவோருக்குச் செங்கலடியில் தொடங்கி பதுளை, வெலிமடை வழியாக ஏறுகின்ற பாதை உள்ளது. அதுவும் ஏ5 வீதியின் மறுமுனையே.

காட்சிக்காக என்று கேட்டால் ஒரு வழியால் ஏறி மறு வழியால் இறங்குங்கள் என்பேன். றம்பொடை வழியில் 109 மீற்றர் உயரமான றம்பொடை நீர்வீழ்ச்சியும், சின்மயா மிஷன் அமைத்த ஆஞ்சநேயர் கோவிலும், கீழே கொத்மலை நீர்த்தேக்கமும் தெரியும். ஹட்டன் வழியில் டெவோன், சென் கிளயர் ஆகிய இரண்டு நீர்வீழ்ச்சிகளையும் வீதியிலிருந்தே பார்த்துவிடலாம். ஒரே பாதையில் போய் அதே பாதையில் திரும்புகிறவர்கள் பாதி மலையகத்தைப் பார்க்காமலே போகிறார்கள்.

ரயிலில் வரலாமா?

வரலாம், ஆனால் நுவரெலியா நகரத்துக்குள் ரயில் நிலையம் இல்லை. சுமார் எட்டு கிலோமீற்றர் தள்ளியுள்ள நானுஓயாவில் இறங்கி, பஸ்ஸிலோ முச்சக்கர வண்டியிலோ மேலே போகவேண்டும். கொழும்பிலிருந்து முழுத் தூரத்தையும் ரயிலில் வந்தால் ஒருநாள் பயணம் என்பது ஒருநாள் ரயில் பயணமாகவே முடிந்துவிடும்.

நான் உறவினர்களுக்குச் சொல்லுகின்ற உபாயம் ஒன்று உண்டு. எல்லோரும் வான் வண்டியில் ஹட்டன் வரை வந்து, பிள்ளைகளும் பெரியவர்களும் ஹட்டனில் ரயில் ஏற, சாரதி வெறும் வானோடு நானுஓயாவில் போய்க் காத்திருப்பதே அது. ஹட்டனை விட்டதும் நாட்டின் மிக நீளமான ரயில் சுரங்கமாகிய சிங்கமலைச் சுரங்கம், 562 மீற்றர் நீளத்துக்கு இருட்டைக் கொண்டுவரும். பிள்ளைகள் கூச்சலிடாமல் அதைக் கடந்த ரயிலை நான் இதுவரை கண்டதில்லை. அதன்பின் கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன் என்று தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறும். மலைநாட்டு ரயில் பயணத்தின் சாரம் அந்தத் துண்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

ஒரு முன்னெச்சரிக்கையும் தேவை. 2025 நவம்பரில் வீசிய டித்வா புயல் மலையகத்தின் ரயில் பாதையையும் வீதிகளையும் கடுமையாகச் சேதப்படுத்தியது. எனவே ரயிலை நம்பித் திட்டமிடுகிறவர்கள், உங்கள் நாளில் எந்த நிலையம் வரைக்கும் சேவை உள்ளது என்பதை ரயில் நிலையத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகே ஆசனம் பதியவேண்டும்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி முதல் ஏப்ரல் வரையான காலத்தில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழையைக் கொண்டுவரும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. மழைக் காலத்தில் வருகிறவர்கள் புறப்படுவதற்கு முன், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகின்ற மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். எங்கள் வீட்டில் வானிலைச் செய்தியைவிட அதைத்தான் முதலில் கேட்போம்.

ஏப்ரல் மாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவில் வசந்தகால விழா நடைபெறும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கார் ஓட்டப் போட்டி, இசை நிகழ்ச்சி என்று ஊர் நிரம்பி வழியும். கூட்டத்தைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். ஒருநாள் பயணிக்கோ அது தண்டனை. வாவியைச் சுற்றி வாகனங்கள் அங்குலம் அங்குலமாக நகர, காலை பத்து மணிக்கு நகர எல்லையைத் தொட்டவர்கள் நண்பகலில்தான் இறங்கி நடக்கத் தொடங்குவார்கள். பெப்ரவரி, மார்ச் மாதங்களின் வார நாட்களில் வந்தால் அதே பூக்களை அமைதியாகப் பார்க்கலாம்.

குளிர் அவ்வளவு மோசமா?

நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீற்றர் ஏறும்போது வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. கொழும்பில் 28 பாகை என்றால் இங்கே 16 பாகை என்று மனக்கணக்காகவே போட்டுக்கொள்ளலாம். பகல் வெயிலில் அது இதமாக இருக்கும். மழைத் தூறலும் காற்றும் சேர்ந்தால்தான் வடக்கிலிருந்து வந்த பிள்ளைகளின் பற்கள் தாளம் போடும். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் சில நாட்கள் உறைபனி விழுந்து புல்லும் தேயிலைத் துளிரும் கருகுவதுண்டு. ஆனால் காலை எட்டு மணிக்குப் பின் வருகிறவர்கள் அதைக் காணப்போவதில்லை. ஒரு ஸ்வெட்டர், காதை மறைக்கும் தொப்பி, மாற்றுக் காலுறை ஆகியவை போதும். மறந்துவிட்டு வந்தாலும் நகரத்துக் குளிராடைக் கடைகளில் மலிவாக வாங்கலாம்.

ஒரு நாளில் எத்தனை இடங்களைப் பார்க்கலாம்?

நான்கு. அதற்கு மேல் போகவேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கிளிநொச்சியிலிருந்து வந்த சித்தப்பா குடும்பத்தினர் ஒன்பது இடங்களைக் கொண்ட பட்டியல் ஒன்றைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் இறங்குவதற்குள் 'ஏறுங்கோ, ஏறுங்கோ' என்று சித்தப்பா அவசரப்படுத்த, சித்தி மூன்றாவது இடத்துக்குப் பிறகு வானை விட்டு இறங்கவே இல்லை. ஆறாவது இடத்தில் மழை பிடித்தது. இரவு ஏழு மணிக்கு றம்பொடை வளைவுகளில் முன்னால் போகின்ற பஸ்ஸின் பின்விளக்கைத் தவிர வேறெதுவும் தெரியாத மூடுபனிக்குள் மாட்டிக்கொண்டோம். அந்தப் பட்டியல் இன்னமும் எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஐந்து இடங்களுக்கு மட்டும் சரி அடையாளம் போடப்பட்டிருக்கிறது.

மலையில் காலை நேரமே நம்முடைய நேரம். பகல் ஒரு மணிக்குப் பிறகு பல நாட்களில் முகில் இறங்கிவிடும் என்பதால், திறந்தவெளியில் பார்க்கவேண்டியவற்றைக் காலையிலும், கூரைக்குக் கீழே பார்க்கவேண்டியவற்றைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஹக்கல பூங்காவும் சீதையம்மன் கோவிலும், மதியத்தில் நகரமும் வாவியும், திரும்பும் வழியில் தேயிலைத் தொழிற்சாலையும் என்பதே நான் போட்டுக் கொடுக்கின்ற ஒழுங்கு.

ஹக்கல பூங்காவிலும் சீதையம்மன் கோவிலிலும் என்ன சிறப்பு?

இரண்டும் வெலிமடை வீதியிலேயே உள்ளன. நகரிலிருந்து ஐந்து கிலோமீற்றர் அளவில் சீதா எலியவில் கோவிலும், பத்து கிலோமீற்றர் அளவில் பூங்காவும் வரும்.

ஹக்கல தாவரவியல் பூங்கா 1861ஆம் ஆண்டு அழகுக்காகத் தொடங்கப்பட்டதன்று. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினா கிடைக்கின்ற சிங்கோனா மரத்தை இங்கே வளர்த்துப் பார்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில்தான் ரோஜாவும் பன்னங்களும் குளிர்நாட்டு மரங்களும் அதை நிறைத்தன. பூங்காவின் பின்னால் செங்குத்தாக எழுகின்ற ஹக்கலப் பாறையைக் காலை ஒன்பது மணிக்கு முன் பார்த்தால் முழுதாகத் தெரியும். நேரம் செல்லச் செல்ல அதன் தலை முகிலுக்குள் போய்விடும். பன்னத் தோட்டப் பக்கம் கூட்டம் வருவதே இல்லை, ஆகவே முதலில் அங்கே போங்கள்.

சீதையம்மன் கோவில் இராவணன் சீதையைச் சிறைவைத்த அசோகவனம் என்று நம்பப்படுகின்ற இடத்தில் உள்ளது. கோவிலை ஒட்டி ஓடுகின்ற அருவிக் கரைப் பாறையில் இருக்கின்ற குழிகளை அனுமனின் பாதச் சுவடுகள் என்று காட்டுவார்கள். கோவிலுக்கு 2024 மே மாதத்தில் கும்பாபிஷேகம் நடைபெற்றது. இந்தியாவிலிருந்து வருகின்ற யாத்திரிகர் கூட்டம் சில வேளைகளில் பெரிதாக இருக்கும். அவர்களுடைய பஸ்கள் வந்துசேருவதற்கு முன்னரே தரிசனத்தை முடித்துக்கொண்டால், அருவியின் ஓசையைக் கேட்டபடி ஒரு நிமிடம் நிற்க முடியும்.

நகரத்துக்குள் எதைத் தவறவிடக்கூடாது?

செங்கல் நிறத் தபாலகக் கட்டடத்தை. 1894ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இது, மணிக்கூட்டுக் கோபுரத்தோடு இன்றும் தபாலகமாகவே இயங்குகிறது. இதைச் சுற்றுலா ஹோட்டல் திட்டத்துக்குக் கொடுக்க முயன்றபோது 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எனவே வெளியே நின்று படம் எடுப்பதோடு நிற்காமல், உள்ளே போய் ஒரு அஞ்சலட்டை வாங்கி முகவரி எழுதிப் போடுங்கள். பிள்ளைகளுக்குத் தங்கள் பெயருக்கே தபால் வருவது ஒரு வாரத்துக்குப் பின்னும் பயணத்தை நீட்டித்துக் கொடுக்கும்.

தபாலகத்துக்கு அண்மையில் விக்டோரியா பூங்கா உள்ளது. பூக்களைப் பார்க்கவே பெரும்பாலானோர் போகிறார்கள். ஆனால் பனிக்காலத்தில் இமயத்திலிருந்து வருகின்ற காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்ற சிறு பறவைக்காக வெளிநாட்டுப் பறவை ஆர்வலர்கள் தொலைநோக்கியோடு அதன் ஓரத்து நீரோடையருகில் மணிக்கணக்காக நிற்பதையும் காணலாம்.

கிரகரி வாவி 1873ஆம் ஆண்டு ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் உருவாக்கப்பட்டது. படகு உண்டு, குதிரைச் சவாரி உண்டு. சவாரிக்குப் பிள்ளைகளை ஏற்றுமுன் குதிரையின் முதுகையும் கால்களையும் ஒரு பார்வை பாருங்கள். எலும்பு தெரிகின்ற குதிரையில் ஏறாமல் விடுவதே நல்லது. எவ்வளவு பணம் என்பதையும் ஏறுவதற்கு முன்னரே பேசிக்கொள்ளுங்கள்.

ஹோட்டன் சமவெளியையும் சேர்த்துக்கொள்ளலாமா?

நுவரெலியாவில் முதல் நாள் இரவே தங்கினால் மட்டும் முடியும். காலை ஆறு மணிக்கு வாயிலில் நின்று, ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் சுற்றுப்பாதையை நடந்து, ஒன்பது மணிக்கு முன் உலக முடிவு என்ற செங்குத்து மலை விளிம்பை அடைந்தால்தான் பள்ளத்தாக்கு தெரியும். பிந்தினால், எண்ணூறு மீற்றருக்கும் அதிகமான செங்குத்துப் பள்ளத்துக்குப் பதிலாக ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வருவீர்கள். சிவனொளிபாதமலை வேறொரு இரவுக்குரியது. டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரையே அதற்குப் பருவம். நாட்டின் அதியுயர் சிகரமான 2,524 மீற்றர் பிதுருதலாகலையின் உச்சியில் பாதுகாப்பு, ஒளிபரப்பு நிலையங்கள் உள்ளதால் நினைத்தபடி நடந்து ஏற முடியாது. நகரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பதே ஒருநாள் பயணிக்குப் போதும்.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் என்ன பார்ப்போம்?

பார்ப்பதைவிட முகர்வதே அதிகம். பறித்து வந்த பச்சைக் கொழுந்தை நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்தி இரவு முழுவதும் வாட்டுவார்கள். அந்த மாடியில் ஏறியவுடன் அரிந்த பழத்தின் வாசனை போன்ற ஒன்று மூக்கில் ஏறும். பிறகு உருளை இயந்திரத்தில் கசக்குவதால் இலையின் சாறு வெளிப்பட்டு, காற்றுப்பட்டுப் பச்சை நிறம் செம்பாகும். அதைச் சூளையில் உலர்த்திச் சல்லடைகளால் தரம் பிரிப்பார்கள். நூறு கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து இருபத்தொரு, இருபத்திரண்டு கிலோ தேயிலைத் தூளே கிடைக்கும் என்பதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை. லபுக்கலைப் பக்கத்திலும், நகருக்கு அருகிலுள்ள பீட்ரு தோட்டத்திலும் பார்வையாளர்களை உள்ளே அழைத்துச் சென்று காட்டுவார்கள்.

கொழுந்து பறிப்பவர்களோடு நின்று படம் எடுக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. கேட்காமலே எடுப்பவர்கள்தான் அதிகம்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டாலும், பதினெட்டு அல்லது இருபது கிலோ என்று ஓர் அளவு விதிக்கப்பட்டிருக்கும். அதை எட்டாதவருக்கு 'அரைப் பேர்' என்று பாதிச் சம்பளம் எழுதப்படுவதுண்டு. நிறுவை நேரத்தில் கவனித்துப் பாருங்கள்: இடுப்பில் படங்கு என்ற முரட்டுத் துணியைச் சுற்றிய ஒரு பெண், கொழுந்துச் சாக்கைத் தராசின் கொக்கியில் மாட்டிவிட்டு, கையை எடுக்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார். சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கழிவு போன பிறகு சொல்லப்படுகின்ற இலக்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் கையை எடுப்பார். நீங்கள் 'இந்தப் பக்கம் திரும்புங்கள், கொஞ்சம் சிரியுங்கள்' என்று பிடித்து வைத்திருக்கின்ற பத்து நிமிடங்களும் அந்த இலக்கத்திலிருந்தே போகின்றன.

எனவே முதலில் வணக்கம் சொல்லி, 'அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?' என்று தமிழிலேயே கேளுங்கள். இங்கே நிரைகளில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள் என்பதையே மறந்து, ஆங்கிலத்திலும் கைச்சாடையிலும் பேசுகின்ற தமிழர்களைக் கண்டிருக்கிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சம்மதித்தால் எடுத்துவிட்டு, அவருடைய நேரத்துக்காக ஒரு தொகையைக் கொடுங்கள். லயங்களின் வாசலில் போய்ப் படம் எடுக்கவே கூடாது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த அந்த அறைகள் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடக்கலை அல்ல, ஒரு குடும்பம் இன்றைக்குச் சமைத்து உறங்குகின்ற வீடு. வாடகைக்கு வாங்கிய சேலையும் கூடையுமாகக் கொழுந்து பறிப்பவரைப் போல வேடமிட்டுப் படம் எடுப்பது உங்கள் விருப்பம். எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினருக்கு நுழைவுக் கட்டணம் எவ்வாறு?

ஹக்கல, ஹோட்டன் சமவெளி போன்ற அரச நிர்வாகத்திலுள்ள இடங்களில் உள்நாட்டவருக்கு ஒரு கட்டணமும் வெளிநாட்டவருக்குப் பல மடங்கு கூடிய இன்னொரு கட்டணமும் உண்டு. இங்கே பிறந்தவர், தமிழ் பேசுகிறவர் என்பதெல்லாம் கணக்கில் வராது. கையில் தேசிய அடையாள அட்டையோ இரட்டைக் குடியுரிமைச் சான்றோ இருக்கவேண்டும். கனடாவிலிருந்து வந்த மாமா வாயிலில் நின்று வாதாடுவதால் எல்லோருடைய காலை நேரமும்தான் வீணாகும்.

சாப்பாட்டுக்கும் கழிவறைக்கும் என்ன செய்வது?

நகரத்தில் சைவக் கடைகளும் முஸ்லிம் உணவகங்களும் தாராளமாக உள்ளன. ஆனால் விடுமுறை நாட்களில் பகல் பன்னிரண்டரைக்குப் பின் மேசை கிடைக்காது, பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிடுங்கள். காலை உணவாகச் சூடான ரொட்டியும் கட்டைச் சம்பலும் கிடைத்தால் வேறெதையும் தேடவேண்டாம். கட்டுச் சோறு கொண்டுவருகிறவர்கள், சாப்பிட்ட தாளையும் பொலித்தீனையும் திரும்ப வண்டியிலேயே கொண்டுபோகவேண்டும்.

கழிவறை விடயத்தை வெட்கப்பட்டுப் பேசாமல் விடுவதால் பெண்களே அவதிப்படுகிறார்கள். ஏறும் வழியிலுள்ள தேயிலை விற்பனை நிலையங்களில் சுத்தமான கழிவறைகள் உண்டு. ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அடுத்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவேண்டாம்.

வளைவுகளில் வாந்தி வருமா?

வரும். வெறும் வயிற்றோடும் வரவேண்டாம், வயிறு முட்டவும் வரவேண்டாம். முன் ஆசனம் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும். கைத்தொலைபேசியைப் பார்க்கவிடாமல் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழத்தை முகர்வது உதவுமோ இல்லையோ, அது இல்லாமல் எங்கள் அம்மா வண்டியில் ஏறமாட்டார்.

எத்தனை மணிக்குத் திரும்பவேண்டும்?

பிற்பகல் நான்கு மணிக்கு நகரத்தை விட்டு இறங்கத் தொடங்குங்கள். ஆறு மணிக்குப் பின் மூடுபனியும் இருளும் சேர்ந்துகொண்டால் பழகிய சாரதிகளே தடுமாறுவார்கள். மலையைப் பழகாத சாரதி என்றால், எந்த கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்கச் சொல்லுங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் உடனே ஓரமாக நிறுத்தி ஆறவிடவேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து கொழும்பிலிருந்து ஓட்டிவந்தவரையே அன்றிரவும் ஓட்டவைப்பது, இந்தப் பயணத்தில் நடக்கின்ற மிகப் பெரிய தவறு.

வீட்டுக்கு என்ன வாங்கி வரலாம்?

மரக்கறி. லீக்ஸ், கரட், பீட்ரூட், கோவா ஆகியவற்றைத் திரும்பும் வழியில் கடைசியாக வாங்குங்கள். காலையிலேயே வாங்கி மூடிய வானுக்குள் போட்டால் மாலையில் வாடிவிடும். கரட்டை இலையோடு வாங்கினால் வண்டியில் ஏற்றுமுன் இலையை முறித்துவிடவேண்டும், இல்லாவிட்டால் அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

தேயிலை வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. நுவரெலியாத் தேயிலை உயர்நிலத்துக் குளிரில் மெல்ல வளர்வதால் வெளிர் பொன்னிறமும் பூவாசனையும் கொண்டது. பாலில்லாமல் குடிப்பதற்கே உரியது. அதை வாங்கிப் போய்ப் பால்மா கரைத்து ஊற்றிவிட்டு, 'சாயமே இறங்கவில்லை, உங்கள் ஊர்த் தேயிலை சரியில்லை' என்று எனக்குத் தொலைபேசியில் குறை சொல்லாத உறவினர் இல்லை. பால் தேநீர் குடிக்கின்ற வீடென்றால் இரத்தினபுரி, காலிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலைத் தூளையே வாங்குங்கள். அது உங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்கும்.